திட்டம் வரைந்தவர்கள் மறந்த வயது





“இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள்” என்னும் சொல்லை நாம் கேட்காத ஜமாஅத் கூட்டம் இல்லை. கேட்காத கல்யாண வீடும் இல்லை. காரணம் என்னவென்று வினவினால் விடை நாவின் நுனியில் நிற்கிறது. “கைபேசி கெடுத்துவிட்டது” என்பார் ஒருவர். வசதியான வீட்டுப் பிள்ளையாயின், “காசைக் கொடுத்துக் கெடுத்தார்கள்” என்பார். ஏழை வீட்டுப் பிள்ளையாயின், “கண்டிக்க நாதியில்லை” என்பார். இம்மூன்று விடைகளுக்கும் ஒரு சௌகரியம் உண்டு. எதைச் சொன்னாலும் பழி சொல்பவரின் வாசற்படியை மிதிக்காது.

இம்மூன்றையும் மறுப்பதற்காகவே இதனை எழுதுகிறோம். பதின்மூன்று முதல் பதினெட்டு வரையிலான வயதினரின் சலிப்பும், அச்சலிப்பிலிருந்து வெடிக்கின்ற முரட்டுத்தனமும் பெரும்பாலும் பெரியவர்கள் தங்கள் கையால் கட்டி வைத்தவை. வீடு கட்டினோம், சாலை போட்டோம், கடை வைத்தோம், பள்ளிவாசலும் எழுப்பினோம். அந்த வயதினர் மாலைப் பொழுதில் எங்கே நிற்பது, எதைச் சுமப்பது என்று மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

கீரமங்கலத்தில் இருந்துகொண்டு நகரமைப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் ஊரைச் சுற்றிலும் தென்னந்தோப்புகளும் பூந்தோட்டங்களும் உள்ளன. இங்கே ஒரு பையனுக்குப் பொழுது போகவில்லையென்றால் குளம் இருக்கிறது, தோப்பு இருக்கிறது, விடியற்காலையில் பூப்பறிக்கும் வேலையாவது இருக்கிறது. தெருவில் நான்கு பேருக்கு அவனைத் தெரியும். தவறு செய்தால் இன்னார் மகனென்று அடையாளம் சொல்வார்கள். ஆனால் இப்பகுதிக் குடும்பங்கள் பல, பிள்ளைகளின் படிப்புக்கென்றும் பிழைப்புக்கென்றும் திருச்சியின் ஓரத்திலும் சென்னையின் ஓரத்திலும் புதிது புதிதாய் எழும் “நகர்”களுக்குக் குடிபெயர்கின்றன. நேர்கோட்டுத் தெருக்கள், எண்ணிட்ட மனைகள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள். எங்கள் ஊர்ச் சாலைகளின் ஓரத்திலும் மனைக் கற்கள் நடப்பட்டு வருகின்றன. ஆகவே இது நமக்கும் உரிய பேச்சுதான்.

கைபேசி இல்லாத காலத்துக் கலகம்

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்திற்குத் தெற்கே, விரிகுடாவின் சதுப்பு நிலத்தைத் தூர்த்து 1960களில் ஓர் ஊரைக் கட்டினார்கள். அதன் பெயர் ஃபாஸ்டர் சிட்டி. முதற்கல் நடுவதற்கு முன்பே காகிதத்தில் முழுமையாக வரையப்பட்ட ஊர் அது. செயற்கை ஏரி, படகுத்துறை, வரிசை வீடுகள், அமைதியான தெருக்கள் எல்லாம் இருந்தன. குடியேறியவர்கள் ஓரளவு வசதியுள்ள நடுத்தரக் குடும்பத்தினர்.

1973ஆம் ஆண்டு நவம்பரில் ‘சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர்’ நாளேடு அவ்வூரைப் பற்றி ஒரு செய்திக் கட்டுரை வெளியிட்டது. அங்குள்ள சிறுவர்கள் கூட்டம் கூட்டமாய்ச் சேர்ந்து பொதுச் சொத்துகளைச் சிதைப்பதையும், மதுவிலும் போதையிலும் அலைவதையும் அது விவரித்தது. படித்தோர் திகைத்தனர். அச்சம் தரும் சேரிகள் என்று அவர்கள் நினைத்திருந்த இடங்களில் நடப்பவையெல்லாம், அமைதிக்கென்றே கட்டிய ஊரில் நடந்துகொண்டிருந்தன.

அச்செய்தியைத் தழுவி 1979இல் ‘ஓவர் தி எட்ஜ்’ என்றொரு திரைப்படம் வந்தது. அதைப் பாருங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதன் கதையில் ஒரு செய்தி மட்டும் நமக்குப் பாடமாகிறது. அக்கற்பனை ஊரில் பிள்ளைகள் கூடுவதற்கென்று இருப்பது ஒரேயொரு மன்றம். அதையும் மாலை ஆறு மணிக்கு அடைத்துவிடுகிறார்கள். அவர்களின் பொழுதுபோக்கிற்கென்று முதலில் திட்டத்தில் குறித்த நிலத்தையோ, தொழிற்கூடம் அமைக்க வரும் முதலாளிக்கு விற்க முனைகிறார்கள். நிலத்தின் விலை உயர வேண்டும் என்பதே பெரியவர்களின் கவலை. பிள்ளைகளைப் பற்றிப் பேச அவர்கள் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் கூடுகிறார்கள். கூட்டத்தில் ஒரு பிள்ளைக்கும் இடமில்லை. பிள்ளைகள் வெளியிலிருந்து கதவைப் பூட்டிவிட்டு, நிறுத்தியிருந்த வாகனங்களை அடித்து நொறுக்குகிறார்கள்.

அவர்கள் செய்தது சரியென்று எவரும் வாதிட முடியாது. ஆனால் கவனியுங்கள். 1973இல் கைபேசி இல்லை, இணையம் இல்லை, ரீல்ஸ் இல்லை. ஆகவே கைபேசியே முதற்காரணம் என்னும் வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. கைபேசி செய்த காரியம் வேறு. தெருவில் தெரிந்த சலிப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோய் மறைத்துவைத்தது. ஏழ்மை காரணமென்னும் வாதமும் அங்கே நிற்காது; அவர்கள் ஏழைகளல்லர்.

சென்னையின் ஓரத்தில்

அப்படியானால் வசதிதான் கெடுத்ததோ? அதற்கும் விடை நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

சென்னையில் கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை அப்புறப்படுத்தி, 2000ஆம் ஆண்டு முதல் பழைய மகாபலிபுரம் சாலையோரம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்தினார்கள். அதுதான் கண்ணகி நகர். அங்கே 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள் எழுந்தன. பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் எட்டு மாடி அடுக்குகளாகப் பெரும்பாக்கம். ஃபாஸ்டர் சிட்டியைப் போலவே இவையும் சதுப்பு நிலத்தை ஒட்டியவை; பள்ளிக்கரணைச் சதுப்பின் அண்டைப் பகுதிகள். இவையும் அதிகாரிகள் மேசையில் காகிதத்தில் வரையப்பட்ட குடியிருப்புகளே. கட்டியது தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம். 2021இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள்.

அங்கே போன குடும்பத்தின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். தாய் வீட்டு வேலைக்கும் தந்தை கூலி வேலைக்கும் பழைய இடத்திற்கே பேருந்து ஏறிப் போக வேண்டும். விடியலில் புறப்பட்டால் இரவில்தான் திரும்ப முடியும். கல்வியாண்டின் நடுவில் இடம் பெயர்க்கப்பட்ட பிள்ளைகளில் பலர் பழைய பள்ளிக்குப் போக வழியின்றிப் படிப்பையே நிறுத்தினர். வீடு ஓர் அறை. படிக்கட்டும் மாடி நடையுமே அந்த வயதினரின் உலகம். சாலையின் மறுபுறத்தில் கண்ணாடி மாளிகைகளாய்க் கணினி நிறுவனங்கள். அவற்றில் வேலை கேட்டுப் போகும் இளைஞன் முகவரியில் “கண்ணகி நகர்” என்று எழுதியவுடன் எதிரே இருப்பவரின் முகம் மாறுகிறது. இதை அங்குள்ளோர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். செய்யாத குற்றத்திற்கு முகவரியே சாட்சியாகிவிடுகிறது.

அங்கிருந்து குற்றச் செய்திகள் வந்தபோது ஊர் என்ன சொன்னது? “அந்த ஜனமே அப்படித்தான்” என்றது. 2020இல் அந்த அடுக்ககங்களின் சுவர்களில் பெரும் ஓவியங்கள் தீட்டினார்கள். அழகானவையே, மறுக்கவில்லை. ஆயினும் பந்து விளையாட இடமில்லாத பையனுக்குச் சுவரோவியம் எத்தனை நாளைக்குப் பொழுதுபோக்காகும்?

அதே கண்ணகி நகரிலிருந்துதான் கார்த்திகா என்னும் மாணவி புறப்பட்டார். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் அவரும் ஒருவர். முதலமைச்சர் அவரை அழைத்து 25 இலட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்கினார். யாருடைய முகவரியைக் கண்டு முகம் சுளித்தார்களோ, அந்த முகவரியைத் தமிழகமே பெருமையோடு உச்சரித்தது. அதே வீடுகள், அதே வறுமை. கூடுதலாக அவருக்குக் கிடைத்தவை ஆட ஒரு களமும், நாள் தவறாமல் வந்து கற்றுக்கொடுக்க ஒரு பயிற்றுநரும். பல்லாயிரம் குடும்பங்களுக்கு நடுவில் அது ஒரு சிலருக்கே கிடைத்தது என்பதுதான் துயரம்.

வசதியுள்ள ஃபாஸ்டர் சிட்டியையும் வறுமையுள்ள கண்ணகி நகரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மொழி வேறு, நிறம் வேறு, பணம் வேறு, காலம் வேறு. ஒன்று மட்டும் பொது. இரண்டையும் வரைந்தவர்கள் அந்த வயதை மறந்தார்கள்.

மதீனாவின் திட்டம்

ஒரு நகரை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் முன்மாதிரி இல்லையா? கி.பி. 622இல் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவிற்குள் நுழைந்தபோது, அகதிகளாய் வந்த மக்களைக் குடியமர்த்தும் அதே பிரச்சினை அவர்கள் முன் நின்றது. பள்ளிவாசலை எழுப்பினார்கள். வந்தவரையும் இருந்தவரையும் சகோதரர்களாகப் பிணைத்தார்கள். சந்தைக்கு இடம் குறித்தார்கள். வீடில்லாத ஏழைகளுக்குப் பள்ளிவாசலின் ஓரத்திலேயே திண்ணை ஒதுக்கினார்கள். திண்ணைத் தோழர்கள் என்று வரலாறு போற்றும் அவர்கள் அங்கேயே தங்கினார்கள், அங்கேயே கற்றார்கள். குடியேற வந்தவருக்குக் கூரையோடு உறவும் வேலையும் கல்வியும் சேர்த்துக் கொடுத்த திட்டம் அது.

அந்நகரில் இளையோரின் இடம் என்ன? ஸைத் பின் ஸாபித் (ரலி) சிறுவராக இருந்தபோதே யூதர்களின் எழுத்தைக் கற்று வரும்படி நபியவர்கள் பணித்தார்கள். கடிதப் போக்குவரத்தே அவர் கையில் வந்தது. பின்னாளில் திருக்குர்ஆனைத் தொகுக்கும் பொறுப்பும் அவரையே தேடி வந்தது. இருபது வயது நிரம்பாத உஸாமா (ரலி) அவர்களைப் படைத் தலைவராக்கினார்கள். மூத்த தோழர்கள் அவருக்குக் கீழே நின்றார்கள். பெருநாளன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாட்டு நிகழ்த்தினார்கள். இளவயது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை அதைப் பார்க்க நபியவர்கள் துணை நின்றார்கள். உமர் (ரலி) அவர்கள் அவ்வாட்டத்தைத் தடுக்க முற்பட்டபோது, விட்டுவிடுங்கள் என்றார்கள்.

தகாத உறவுக்கு அனுமதி கேட்டு ஓர் இளைஞர் அவையிலேயே எழுந்து நின்ற செய்தியும் நாம் அறிந்ததே. சுற்றியிருந்தோர் அதட்டினர். நபியவர்கள் அவரை அருகில் அழைத்து அமர்த்தினார்கள். உம் தாய்க்கு இதை விரும்புவீரா, மகளுக்கு விரும்புவீரா, சகோதரிக்கு விரும்புவீரா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு அவரையே விடை சொல்ல வைத்தார்கள். பின்னர் அவர் மீது கைவைத்து துஆச் செய்தார்கள். இன்று நம் பள்ளிவாசலில் ஒரு பையன் அப்படி எழுந்து கேட்டால், அவனை அருகில் அமர்த்துவோமா, அவன் தகப்பனாருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்வோமா? நெஞ்சில் கைவைத்து விடை சொல்லுங்கள்.

சொல்லப்படும் சமாதானங்கள்

“பள்ளிவாசல் தொழுகைக்கான இடம், விளையாட்டுக்கூடமன்று” என்பார்கள். ஆம், அதன் கண்ணியத்தைக் காப்பது கடமை. ஆனால் பளிங்குத் தரைக்கும் திருமண மண்டபத்திற்கும் வாடகைக் கடைகளுக்கும் இடம் கிடைக்கிற வளாகத்தில், பிள்ளைகள் அமர்ந்து படிக்க ஓர் அறைக்கு மட்டும் இடமில்லாமல் போவது எப்படி? இஷா முடிந்த சிறிது நேரத்தில் வாயிற்கதவு பூட்டப்படுகிறது. அது கதையில் வந்த ஆறு மணி மன்றத்தின் பூட்டேதான். கதவு பூட்டிய பின்னும் திறந்திருப்பவை எவையென்று பெற்றோருக்குத் தெரியும்.

“அடித்து வளர்த்தால் சரியாகிவிடும்” என்பார்கள். அடி பையனை அந்த இடத்தை விட்டு விரட்டும், வேறிடத்தைக் காட்டாது. நபி (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி), ஒருமுறைகூட அவர்கள் தம்மைச் சீயென்று சொன்னதில்லை என்று சாட்சி கூறினார். பணிக்கு வந்தபோது அவர் சிறுவர்.

“நாங்கள் எதற்கும் குறை வைக்கவில்லை” என்பார்கள் வெளிநாட்டில் உழைக்கும் தந்தையர். அவர்களின் வியர்வையை நாம் மதிக்கிறோம். ஆனால் அருகில் இல்லாத குறையை ஈடுசெய்யப் பதினாறு வயது மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது அன்பாகாது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால் பாதுகாவலருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அதைவிடப் பெரிய தண்டனை நெடுஞ்சாலையில் காத்திருக்கிறது. ஜனாஸாவைத் தோளில் சுமந்த பிறகு எந்தத் தந்தையும் அந்த வண்டியின் விலையைச் சொல்ல மாட்டார்.

“பெண் பிள்ளைகளால் தொல்லையில்லை, வீட்டோடு இருக்கிறார்கள்” என்பார்கள். சத்தம் கேட்காததால் சலிப்பு இல்லையென்று முடிவு செய்கிறோம். நான்கு சுவருக்குள் ஒரு திரையோடு மட்டும் விடப்பட்ட பெண் பிள்ளையின் கலகம் ஓசையின்றி நடக்கும். அது தெரிய வரும் நாளில் குடும்பமே அதிர்ந்து நிற்கும். அவர்களுக்கும் நூல் வேண்டும், தோழியர் வேண்டும், காற்றோட்டமான இடம் வேண்டும், தம்மைக் கேட்கும் காது வேண்டும்.

கஜா காட்டிய பிள்ளைகள்

நாம் சொல்வது வெறும் வாதமன்று. எங்கள் பகுதியே இதைக் கண்ணால் கண்டது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்களைப் புரட்டிப்போட்டது. தலைமுறையாய் வளர்த்த தென்னைகள் ஓர் இரவில் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஒடிந்து பல நாட்கள் ஊர் இருளில் கிடந்தது. சாலையெங்கும் மரங்கள்.

அவற்றை வெட்டி வழி திறந்தவர்கள் யார்? பேருந்து நிறுத்தத்தில் வெட்டியாய் நிற்கிறார்கள் என்று நாம் ஏசிய அதே பிள்ளைகள். அரிவாளோடும் ரம்பத்தோடும் இறங்கினார்கள். தண்ணீர் சுமந்தார்கள். வெந்ததை எல்லாருக்கும் பகிர்ந்தார்கள். எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்கவில்லை. அதன் பிறகு சுற்றுவட்டாரத்துச் சிற்றூர்களில் இளைஞர்கள் கூடிக் காசு சேர்த்துக் குளங்களைத் தூர்வாரியதையும் கண்டோம்.

அந்நாட்களில் அவர்களுக்குச் சலிப்பு எங்கே போயிற்று? முதல்நாள் வரை தறுதலை. மறுநாள் ஊரின் தூண். ஓர் இரவில் குணம் மாறிவிடுமா? மாறியது ஒன்றுதான். அவர்கள் இல்லாமல் ஆகாது என்ற நிலையை ஊர் உணர்ந்தது. அவர்களும் உணர்ந்தார்கள். புயல் கொடுத்த அந்தப் பொறுப்பை அமைதிக் காலத்தில் நாம் கொடுக்கக் கூடாதா? பிள்ளைகள் நல்லவர்களென்று அறிவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு பேரழிவு வர வேண்டுமா?

இனிச் செய்ய வேண்டியவை

ஜமாஅத் நிர்வாகிகளே! அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்திற்கு ஓர் இடத்தைத் திறந்துவிடுங்கள். வளாகத்தில் இடமில்லையென்றால் ஒரு திடலை வாடகைக்கு எடுங்கள். ஓர் அறையில் நூல்களை வையுங்கள். நாளிதழ் வாங்கிப் போடுங்கள். பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரமும் பொறுப்பான ஆசிரியையும் அமையுங்கள்.

அதைவிட முக்கியமாக, வேலை கொடுங்கள். ரமலானில் நோன்புக் கஞ்சி விநியோகத்தை அவர்களிடம் முழுமையாக விடுங்கள். பைத்துல்மால் கணக்கைக் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள். இரத்ததானப் பட்டியல் அவர்கள் கையில் இருக்கட்டும். மஹல்லாவில் தனித்து வாழும் முதியோரை வாரம் ஒருமுறை பார்த்து வரும் பொறுப்பைக் கொடுங்கள். நிர்வாகக் கூட்டத்தில் இளையோர் இருவருக்கு இருக்கை போடுங்கள். அவர்கள் பேசும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். தவறு செய்வார்கள்; செய்யட்டும். தவறு செய்ய உரிமையில்லாத இடத்தில் எவரும் பொறுப்பைக் கற்பதில்லை.

மனை வாங்கும் சகோதரர்களே! கிழக்குப் பார்த்த மனையா, சாலை எத்தனை அடி, பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்கிறோம். இன்னொரு கேள்வியும் கேளுங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பொதுத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டுமென்பது தமிழ்நாட்டு விதி. அந்தப் பத்துப் பங்கு வரைபடத்தில் எங்கே இருக்கிறது? அங்கே முள்வேலி இருக்கிறதா, குப்பைமேடு இருக்கிறதா, பிள்ளைகள் இருக்கிறார்களா? அதை மீட்பதற்கு ஒன்றுகூடி மனு கொடுங்கள். அக்கம்பக்கத்து இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் சலிப்பு எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

பெற்றோர்களே! இரவு உணவை நாள்தோறும் ஒரு தட்டைச் சுற்றி அமர்ந்து உண்ணுங்கள். அந்நேரத்தில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். வீட்டின் வரவு செலவை அவர்களிடம் சொல்லுங்கள். ஒரு முடிவையாவது அவர்கள் எடுக்கட்டும்.

ஆரோக்கியமும் ஓய்வும் மனிதரில் பெரும்பாலோர் ஏமாந்துபோகும் இரண்டு அருட்கொடைகள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அவ்விரண்டும் நிரம்பி வழிகின்ற வயது பதினாறு. நிரம்பியதை ஏந்தப் பாத்திரம் தராமல், தரையில் சிந்துகிறதே என்று பிள்ளையை வைவதில் நியாயம் ஏதுமில்லை. அவர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். ஒவ்வொரு மேய்ப்பரும் தம் பொறுப்பிலுள்ளோரைப் பற்றி விசாரிக்கப்படும் நாளில், “ஊரைக் கட்டினோம், அவர்களுக்கு இடம் வைக்க மறந்தோம்” என்பது விடையாகாது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளை நம் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! அவர்களுக்குரிய இடத்தை அவர்களுக்கு அளிக்கும் விசாலமான உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.